என் ஆல்பத்துக்கு 4.8 போட்டார்கள்

கேள்வி: நாங்கள் பதினோரு பேர். கல்லூரிக் கால நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், கூடவே ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். வாட்ஸ்அப்பில் குழு வைத்து வாரம் ஒரு ஆல்பம் கேட்கிறோம். முறை வைத்து ஒருவர் ஆல்பத்தைச் சொல்வார். மற்ற பத்துப் பேரும் கேட்டுவிட்டு, ஞாயிறு இரவுக்குள் பத்துக்கு இத்தனை என்று குழுவில் மார்க் போட வேண்டும். போன ஆண்டுக் கடைசியில் என் முறை வந்தபோது இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்தைச் சொன்னேன். பள்ளி நாளிலிருந்து நான் கேட்டுவருவது. முதல் ஆளே "பிஜிஎம் மாதிரி இருக்கு, பாட்டு எப்ப வரும்?" என்று எழுதி 2 போட்டார். வரிசையாக வந்த மார்க் இது: 2, 3, 3, 2, 4, 9, 4, 8, 5, 8. சராசரி 4.8. குழுவில் இதுவரை வந்ததிலேயே குறைவு. அன்று இரவு எனக்குச் சாப்பிடக்கூடத் தோன்றவில்லை, சிரிக்காதீர்கள். அடுத்த முறை எல்லோருக்கும் தெரிந்த தொண்ணூறுகளின் படப்பாட்டு ஆல்பம் ஒன்றைப் போட்டேன். 7.6 வந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. அடுத்த மாதம் மறுபடி என் முறை. தாத்தா விரும்பிக் கேட்ட காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வர ஒலிப்பதிவைப் போட ஆசை. அதற்கு 3 வந்தால் தாங்க மாட்டேன். இன்னொன்றும் கேட்க வேண்டும். தலைமையாசிரியர் சார் எதைச் சொன்னாலும் எல்லோரும் 9 போடுகிறார்கள். நானும்தான். இது சரியா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

சிரிக்கவில்லை. மார்க் ஆல்பத்துக்குத்தான், நமக்கு இல்லை என்று புத்திக்குத் தெரியும். மனசு அதைக் கேட்காது. அதற்காக 'மார்க்கைப் பொருட்படுத்தாதீர்கள்' என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்கப் போவதில்லை. பொருட்படுத்தித்தான் பார்ப்போமே. நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பத்து எண்களில் நல்ல சங்கதி இருக்கிறது.

வந்த வரிசையைப் பாருங்கள். முதல் மார்க் 2, கூடவே ஒரு கேலி. அடுத்து வந்த நான்கில் ஒன்றுகூட 4-ஐத் தாண்டவில்லை. ஆறாவதாக ஒரு புண்ணியவான் 9 போடுகிறார். அதற்குப் பிறகு வந்த நான்கில் ஒன்றுகூட 4-க்குக் கீழே போகவில்லை. பத்தே எண்களை வைத்துக்கொண்டு சத்தியம் செய்ய முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகம் வலுவாகவே இருக்கிறது. அந்த 9 முதலில் வந்திருந்தால் சராசரி 6-ஐத் தாண்டியிருக்கும். ஆல்பம் அதேதான், காதுகளும் அவையேதான்.

இதைப் பெரிய அளவில் செய்தே பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். யாருக்கும் அதிகம் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்க வைத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாட்டு மட்டும்தான் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் டவுன்லோடு செய்திருக்கிறார்கள் என்பதையும் காட்டினார்கள். அடுத்தவர் கணக்கு கண்ணில் பட்டதும் ஹிட் பாட்டு இன்னும் பெரிய ஹிட் ஆனது. எது ஹிட் ஆகும் என்பதோ உலகத்துக்கு உலகம் மாறியது. ஒரே பாட்டு ஒரு உலகத்தில் முதலிடம், இன்னொன்றில் 48-இல் 40-ஆம் இடம். மிக நல்ல பாட்டு அடியோடு தோற்பதும் மிக மோசமான பாட்டு ஜெயிப்பதும் அரிது. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நடக்கலாம்.

உங்கள் குழுவும் அப்படி ஒரு குட்டி உலகம்தான். முதல் மார்க் யார் கையிலிருந்து வருகிறதோ அவர்தான் பாதி மார்க்கைப் போடுகிறார். இதற்கு மருந்து சுலபம். மார்க்கைக் குழுவில் போடாமல், அந்த வார ஆல்பத்தைச் சொன்னவருக்கு எல்லோரும் தனியாக அனுப்பட்டும். ஞாயிறு இரவு அவர் மொத்தமாக வெளியிடட்டும். வாட்ஸ்அப்பிலேயே வாக்கெடுப்பு (poll) வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம், அதில் விழ விழ எல்லோரும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், பழைய கதைதான்.

அப்புறம், வெளியிடும்போது சராசரியை மட்டும் சொல்லக் கூடாது. 4.8 என்றால் 'சுமாருக்கும் கீழே' என்று படுகிறது. ஆனால் உங்கள் ஆல்பத்தைப் பெரும்பாலோர் சுமார் என்று சொல்லவில்லையே. மூன்று பேர் 8, 8, 9 போட்டிருக்கிறார்கள். நான்கு பேருக்கு அது சுத்தமாக ஒட்டவில்லை. 5 போட்டவர் ஒரே ஒருவர். தொண்ணூறுகளின் ஆல்பத்துக்கு வந்த 7.6-இல் எத்தனை 9 இருந்தது? நீங்கள் எழுதவில்லை. எல்லாமே 7, 7.5, 8 என்றுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த பாட்டுக்கு வேறு எப்படி வரும்? அந்த வாரம் குழுவில் யாருக்காவது புதிதாக ஏதாவது கிடைத்ததா? உங்களுக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

'பாட்டு எப்ப வரும்' என்று கேட்டவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் கேட்டது நேர்மையான கேள்வி. நாம் படப்பாட்டில் வளர்ந்தவர்கள். பாட்டோடு படமும், நடிகரும், முதலில் கேட்ட டீக்கடையும், உடன் படித்த யாரோ ஒருவரின் முகமும் சேர்ந்தே வரும். 7 மார்க்கில் 3 மார்க் அந்த முகத்துக்குப் போகும். 1986-இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்துக்கு அந்தச் சலுகை எதுவும் இல்லை. படம் இல்லை, வரிகள் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கை என்று சொல்லிவிட்டு, வி.எஸ். நரசிம்மனின் வயலினை முன்னால் நிறுத்தி ஒரு மனிதர் தன் போக்கில் எழுதியிருக்கிறார். அதில் ஒரு உருப்படியின் பெயரே 'டோன்ட் கம்பேர்'. அதற்குப் போய்ப் பத்துக்கு இத்தனை என்று போட்டிருக்கிறீர்கள், போகட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஆல்பத்தைப் போட்டபோது லிங்கை மட்டும் அனுப்பினீர்களா, அல்லது ஏதாவது சொன்னீர்களா? லிங்கை மட்டும் அனுப்பியிருந்தால் பாதிப் பழி உங்கள் மேல்தான். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் சேர்ந்த இசைத் தொகுப்பு) முன்னிசை அதில் ஓடும். அது பாக் எழுதியது, கூட வந்து சேர்வது நம்ம ஊர்க்காரர் எழுதியது என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால், கேட்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும். முழு ஆல்பத்துக்கும் பொழிப்புரை எழுத வேண்டாம். ஒரே ஒரு இடத்தைக் காட்டினால் போதும்.

அதே கட்டுப்பாடு மார்க் போடுகிறவர்களுக்கும் இருக்கட்டும். மார்க்கோடு எந்தப் பாட்டில் எந்த இடம், நிமிடக் கணக்கோடு ஒரு வரி. 'மூன்றாவதில் 2:10, தபேலா நின்றுபோகும் இடம்' என்பதுபோல. பிடித்த இடமாக இருந்தாலும் சரி, எரிச்சலூட்டிய இடமாக இருந்தாலும் சரி. அந்த வரி எழுத முடியவில்லை என்றால் அவர் கேட்கவில்லை என்று அர்த்தம். கேட்காதவர் 'இந்த வாரம் முடியவில்லை' என்று சொல்லிவிடலாம், அதில் வெட்கம் எதுவும் இல்லை. பாதி கேட்டுவிட்டு 3 போடுவதுதான் அநியாயம்.

முடிந்தால் வேறு வேறு நாளில் இரண்டு முறை கேட்டுவிட்டு மார்க் போடச் சொல்லுங்கள். ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன் மேல் விருப்பம் கூடுகிறது என்று ராபர்ட் ஸாயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இலேயே காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது அர்த்தமே இல்லாத சொற்களையும் புரியாத எழுத்துகளையும். அதற்கே அப்படி என்றால் இளையராஜாவுக்குச் சொல்ல வேண்டுமா? போன் ஸ்பீக்கரில் கேட்டவர் யார், இயர்போனில் கேட்டவர் யார் என்பதையும் விசாரியுங்கள். வயலினின் பெரிய அண்ணனான செல்லோவின் மிகத் தாழ்ந்த சுரம் சுமார் 65 ஹெர்ட்ஸ். அதைச் சொல்ல போனின் குட்டி ஸ்பீக்கருக்கு வக்கில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே போனில் கேட்டவருக்கு உங்கள் ஆல்பத்தில் கீழ்ப்பாதி போயே சேர்ந்திருக்காது.

10 என்றால் என்ன, 5 என்றால் என்ன என்று உங்கள் குழுவில் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா? விகடனின் சினிமா விமர்சனத்தில் நூற்றுக்கு மார்க் போட்டுவந்தது நமக்கெல்லாம் தெரியும். '16 வயதினிலே' படத்துக்கு 62.5 போட்டதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள். அங்கே 45 வாங்கிய படத்துக்கு நம்பிப் போகலாம். பள்ளிக்கூடத்தில் 45 வாங்கினால் அப்பா கையெழுத்துப் போடமாட்டார். உங்கள் குழுவில் ஒருவர் விகடன் கணக்கில் 5 போடுகிறார், இன்னொருவர் பள்ளிக்கூடக் கணக்கில் 7 போடுகிறார் என்றால் இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். '5 என்றால் ஒருமுறை கேட்கலாம், 7 என்றால் நானே தேடி மறுபடி கேட்பேன், 9 என்றால் இன்னொருவருக்கு அனுப்புவேன்' என்று ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். 7.25 போடுகிறவர்களைத் திருத்த முடியாது, விட்டுவிடுங்கள்.

தலைமையாசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். இது சரியில்லை. அவருக்கே இது பிடித்திருக்காது என்பது என் ஊகம். முப்பது வருடம் மார்க் போட்ட கைக்கு, எல்லா விடைத்தாளிலும் 9 இருந்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? பெரியவரை மதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவர் சொன்ன ஆல்பத்தை யாரும் ஒழுங்காகக் கேட்காமல் விடுகிறீர்கள். மார்க்கைத் தனியாக அனுப்பும் முறை வந்தாலும் அவர் வாரத்தில் அவருக்குத்தானே அனுப்ப வேண்டும், அதனால் இந்தச் சிக்கல் தானாகத் தீராது. முதலில் நீங்கள் துணியுங்கள். 'சார், இரண்டாவது பாட்டில் சரணத்துக்கு முன்னால் வரும் புல்லாங்குழலை நாலு தடவை திருப்பிக் கேட்டேன். மற்றவை எனக்கு இன்னும் ஒட்டவில்லை. 6 போடுகிறேன், நான் எதைத் தவறவிட்டேன் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். மற்ற ஒன்பது பேரின் 9-க்கு அவர் 'நன்றி' என்று ஒரு சொல்லோடு நிறுத்துவார். உங்களுக்கு அரை மணி நேர வாய்ஸ் மெசேஜ் வரும். அதைக் கேட்கத் தயாராக இருங்கள்.

இனி காருகுறிச்சி. தாராளமாகப் போடுங்கள். உங்கள் மாவட்டத்துக்காரர், நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், 1964-இல் நாற்பது வயதைக் கொஞ்சம் தாண்டியதுமே போய்விட்டார். உங்கள் குழுவில் அவரை யாரும் கேட்டதில்லை என்றா நினைக்கிறீர்கள்? எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், பேர் தெரியாமல். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகி அம்மா பாடிய 'சிங்காரவேலனே தேவா'வில் வரும் நாகஸ்வரம் அவருடையதுதான். திங்கட்கிழமை அந்தப் பாட்டை மட்டும் அனுப்புங்கள். குரல் ஸ்வரம் பாட, நாகஸ்வரம் பதில் சொல்லும் இடத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். புதன்கிழமை 'அதை வாசித்தவர்தான் இதையும் வாசிக்கிறார்' என்று தாத்தாவின் ஒலிப்பதிவைப் போடுங்கள். ராக ஆலாபனையில் உங்களுக்குப் பிடித்த ஒரு நிமிடத்தை நேரத்தோடு குறித்துக் கொடுங்கள். தாத்தா அதை எப்போது கேட்பார், கேட்கும்போது என்ன செய்வார் என்று இரண்டு வரி சேர்த்தால் தப்பில்லை. படப்பாட்டுக்கு நடிகர் முகம் உதவுகிறபோது, இதற்குத் தாத்தா உதவக் கூடாதா?

சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கச் சொல்ல மறக்காதீர்கள். கோயில் பிராகாரத்துக்கும் வீதி உலாவுக்கும் ஆன வாத்தியம் அது, போனில் முழுச் சத்தத்தில் வைத்தால் காதைக் குத்தும். அந்தக் குத்தலுக்கே இரண்டு மார்க் குறைப்பார்கள். உங்களுக்கு 8-உம் 9-உம் போட்ட அந்த மூன்று பேர் யார் என்று உங்களுக்குத் தெரியுமே. அவர்களிடம் முன்கூட்டியே எதுவும் சொல்லிவைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதை முதலில் படியுங்கள், சராசரியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவு நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாமல் பொறுக்கி எடுங்கள். நீங்கள் என்ன விதி கொண்டுவந்தாலும், பாதிப் பேர் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குத்தான் கேட்கவே ஆரம்பிப்பார்கள்.