பல்லில் விஷமுள்ள பிளெனியை வீட்டில் வளர்க்கலாமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, அதில் ஒரு ஜோடி க்ளவுன் மீன். பெங்களூர் கடை ஒன்றில் ஸ்மித் ஃபேங் பிளெனி என்ற சின்னக் கடல்மீனைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார், "கடிச்சா விஷம் சார்" என்று கடைக்காரர் சொன்னதும் யோசனை வந்துவிட்டது, வீட்டில் நாலு வயசுப் பையன். வாங்கலாமா? வீட்டு போர் தண்ணீரிலேயே உப்பைக் கலந்து ஓட்டிவிடலாமா?

மீனை வாங்கலாம். போர் தண்ணீர் வேண்டாம்.

விஷம் நிஜம்தான், ஆனால் இது தேடி வந்து கடிக்கிற மீன் இல்லை. கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பல், அடியில் விஷச் சுரப்பி, பல்லில் உள்ள பள்ளம் வழியாக விஷம் இறங்கும். பெரிய மீன் இதை வாயில் போட்டால் உள்ளேயே ஒரு கடி. போட்ட மீன் நடுங்கி வாயைப் பிளக்கும், இது ஒன்றும் நடக்காதது போல நீந்தி வெளியே வரும். 2017இல் வந்த ஆய்வில் இந்த விஷத்தில் ஓபியாய்டு வகைப் பெப்டைடும் (அபின் போல வேலை செய்கிற சிறு புரதம்), இரத்த அழுத்தத்தை இறக்குகிற பொருளும் இருப்பது தெரிந்தது. வலியால் துரத்துவதைவிட எதிரியைக் கிறங்க வைக்கிற வேலை.

நம்மைக் கடித்தால் அது பெரும்பாலும் நாம் கையால் பிடிக்கப் போகும்போதுதான். அதனால் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தண்ணீருக்குள் சாய்த்து உள்ளே ஓட்டிப் பிடியுங்கள். கடி பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வீக்கம் ஏறினாலோ தலை சுற்றினாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பையன் கையை உள்ளே விடாதபடி இறுக்கமான மூடி போடுங்கள், இந்த மீன் துள்ளி வெளியே விழும் என்பதால் மூடி எப்படியும் தேவை.

இதே வேஷத்தில் இன்னொரு மீன் உண்டு, அதுதான் எனக்குப் பெரிய கவலை. பிளாஜியோட்ரீமஸ் என்ற அந்த வகைக்கு விஷம் இல்லை, ஆனால் மற்ற மீன்களின் செதிலையும் துடுப்பையும் கடித்துத் தின்னும், உங்கள் க்ளவுன் ஜோடி பாடு திண்டாட்டம். வாயைப் பாருங்கள்: ஸ்மித் பிளெனிக்கு முகத்தின் முன்பக்கம், போலிக்கு மூக்குக்கு அடியில், சுறாவைப் போல.

அப்புறம் தண்ணீர். உங்கள் தர்மபுரி மாவட்டம் என்றாலே ஃபுளோரைடு என்பார்கள், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் கடல்நீரிலேயே லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் அளவுக்கு ஃபுளோரைடு இருக்கிறது, மீனுக்கு அது முதல் பிரச்சினை இல்லை. போரில் வருகிற நைட்ரேட்டும் சிலிகேட்டும்தான் கண்ணாடி முழுக்கப் பாசியாக அப்பும். ஆர்.ஓ. தண்ணீர் பிடியுங்கள், வீட்டு மெஷினில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) கூட்டுகிற திருகு இருந்தால் அதை முழுக்க மூடிவிட்டு மீட்டரில் 10க்குக் கீழ் வருகிறதா பாருங்கள். சமையல் உப்பு கூடவே கூடாது, மீன் தொட்டிக்கான கடல் உப்பு லிட்டருக்குச் சுமார் 35 கிராம், 200 லிட்டருக்கு 7 கிலோ. கலந்த தண்ணீரின் அடர்த்தி 1.025 இருக்கட்டும்.

சித்திரை வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீரை ஊற்றினால் இரண்டே வாரத்தில் அடர்த்தி ஏறிவிடும். 27 டிகிரியைத் தாண்டாமல் மேலே ஃபேன் வையுங்கள், கரண்ட் போகும் ஊர் என்பதால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் இருக்கட்டும்.

இது பாசி தின்னும் பிளெனி இல்லை, இறால் வகை உணவு வேண்டும். கடையிலேயே உறைந்த மைசிஸ் (குட்டி இறால் போன்ற உயிரி) போடச் சொல்லி, தின்கிற மீனாகப் பார்த்து ஒன்றே ஒன்று வாங்குங்கள்.