ரெண்டர் ஓடும்போது என்எஃப்எஸ் உறைந்து நிற்கிறதா? சாஃப்ட் மவுண்ட் மட்டும் வேண்டாம்

கேள்வி: எங்களுடையது சின்ன அனிமேஷன் ஸ்டூடியோ. 20 ரெண்டர் கணினிகளும் ஒரே லினக்ஸ் சர்வரில், என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே சர்வரின் ஃபைல்களைப் பகிரும் முறை) வழியாக எழுதுகின்றன. சர்வரில் 64 ஜிபி ராம், ரெய்டு 6-ல் (இரண்டு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும் சேர்ப்பு முறை) ஆறு ஹார்ட் டிஸ்க், 10 கிகாபிட் நெட்வொர்க். பகலில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி ரெண்டர் சூடு பிடித்ததும் எல்லாக் கணினிகளும் மூன்று நான்கு நிமிடம் அப்படியே நின்றுவிடுகின்றன. ஃபைல் பட்டியல் காட்டும் 'எல்எஸ்' அடித்தால்கூடப் பதில் இல்லை. அப்புறம் தானாகச் சரியாகிவிடுகிறது. 'சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்ற வரி லாகில் இருக்கிறது. சாஃப்ட் மவுண்ட் போட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். இப்போது உங்கள் கணினிகள் நின்று காத்திருப்பதால்தான் ரெண்டர் ஆன ஃப்ரேம்கள் பத்திரமாக இருக்கின்றன. மவுண்ட் என்பது சர்வரின் கோப்புறையைக் கணினியில் இணைப்பது. ஹார்ட் மவுண்டில், அனுப்பிய எழுத்துக்குச் சர்வர் பதில் சொல்லும்வரை கிளையண்ட் (இங்கே ரெண்டர் கணினி) விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். சாஃப்ட் மவுண்டில் சில முறை கேட்டுவிட்டு, பிழை என்று மென்பொருளிடம் சொல்லிக் கைகழுவிவிடும். அந்தப் பிழையை எல்லா மென்பொருளும் ஒழுங்காகக் கவனிப்பதில்லை. பாதி எழுதிய ஃபைல் முழு ஃபைல் போலவே கோப்புறையில் உட்கார்ந்திருக்கும். எடிட்டிங்கில் திறக்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

லாகில் உள்ள அந்த வரியே ஒரு நல்ல துப்பு. டிசிபி வழி மவுண்டில் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் 'டைம்ஓ' என்ற அமைப்பு இயல்பாக 600. அது நொடிக் கணக்கு இல்லை, நொடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கு. அதாவது 60 நொடி. அதற்கு மேலும் மறுமுயற்சிகள் முடிந்த பிறகே அந்த வரி லாகில் விழும். ஆகவே அது பதிவாகியிருந்தால், ஒரு கோரிக்கையாவது நிமிடக் கணக்கில் பதில் இல்லாமல் கிடந்திருக்கிறது. கேபிளிலோ சுவிட்சிலோ சிறு கோளாறு என்றால் பெரும்பாலும் இவ்வளவு நேரம் இழுத்துவிட்டுத் தானாகச் சரியாகாது. உங்கள் சர்வர் எதையோ எழுதி முடிக்கக் காத்திருக்கிறது என்பதுதான் என் கணிப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வரும் எழுத்துகளை லினக்ஸ் உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை. முதலில் ராமில் சேர்த்து வைக்கும். எவ்வளவு சேரலாம் என்பதற்கு 'விஎம் டர்ட்டி ரேஷியோ' என்று ஒரு வரம்பு உண்டு, இயல்பாக 20 சதவீதம். 64 ஜிபி ராமில் அது ஏறக்குறைய 12 ஜிபி. 10 கிகாபிட் நெட்வொர்க் நொடிக்கு 1 ஜிபிக்குக் கொஞ்சம் மேலேயே கொண்டுவந்து கொட்டும். பதினைந்து நொடிக்குள் ராமில் அந்த இடம் நிரம்பிவிடும். வெளியே போகும் வேகம் என்ன? ஆறு டிஸ்க் ரெய்டு 6, ஒரே ஒரு பெரிய ஃபைலை வரிசையாக எழுதினால் நொடிக்கு நூற்றுக்கணக்கான எம்பி தரும். இருபது கணினிகள் இருபது இடத்தில் துண்டு துண்டாக எழுதினால் கதையே வேறு. ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் பழைய பாரிட்டியை (டிஸ்க் பழுதானால் தரவை மீட்க வைத்திருக்கும் கணக்கு) படித்து, கணக்கிட்டு, திரும்ப எழுத வேண்டும். 60 எம்பிக்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. 12 ஜிபியை 60 எம்பி வேகத்தில் எழுத 200 நொடி, மூன்று நிமிடத்துக்கு மேல். நீங்கள் சொன்ன நேரம் அதுதானே!

சரி, எழுதுகிறவர்கள் காத்திருக்கட்டும், வெறும் 'எல்எஸ்' ஏன் நிற்க வேண்டும்? ஒரு ஃப்ரேம் முடிந்து ஃபைலை மூடும்போது, 'அனுப்பியதெல்லாம் டிஸ்க்கில் இறங்கிவிட்டதா' என்று கிளையண்ட் கேட்கும். இதற்குப் பெயர் கமிட். ராமில் மலைபோல் குவிந்திருக்கும்போது அந்தக் கமிட்டும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு கமிட்டும் சர்வரில் ஓர் என்எஃப்எஸ்டி த்ரெட்டை (கோரிக்கைகளைக் கவனிக்கும் பணியாள் மாதிரி) பிடித்துக்கொள்ளும். பல ஆண்டுகளாக லினக்ஸில் இயல்பாக வந்த த்ரெட் எண்ணிக்கை வெறும் 8. உங்களிடம் 20 கணினிகள். எட்டும் டிஸ்க்கைப் பார்த்தபடி நின்றுவிட்டால், ஒன்பதாவதாக வருகிறவர் ஒரு பெயர்ப் பட்டியல் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

இதையெல்லாம் நம்பிக்கொண்டு எதையும் மாற்ற வேண்டாம், இன்று ராத்திரி கண்ணால் பாருங்கள். சர்வரில் நேரடியாக உட்கார்ந்து 'டாப்' கமாண்டைத் திறந்து வையுங்கள். உறைவு வந்ததும் லோடு ஆவரேஜ் ஏறும், சிபியு சும்மா இருக்கும். என்எஃப்எஸ்டி என்ற பெயர் வரிசையாகத் தெரியும், நிலை என்ற பத்தியில் எல்லாவற்றுக்கும் 'டி' எழுத்து. டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது, எழுப்பினாலும் எழாது என்று அர்த்தம். இன்னொரு திரையில் ப்ராக் கோப்புறையின் மெம்இன்ஃபோவில் 'டர்ட்டி' (டிஸ்க்கில் இன்னும் இறங்காத அளவு) என்ற வரியை நொடிக்கொரு முறை பாருங்கள். அது பல ஜிபிக்கு ஏறி, பிறகு மெதுவாக இறங்கி, இறங்கி முடிகிற நேரத்தில் எல்லாக் கணினிகளும் உயிர்பெற்றால், காரணம் கையில் சிக்கிவிட்டது.

அதே நேரத்தில் ஒரு ரெண்டர் கணினியில் 'என்எஃப்எஸ்ஐஓஸ்டாட்' ஓடட்டும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஆர்டிடி என்பது கோரிக்கை சர்வருக்குப் போய்த் திரும்பிய நேரம். எக்ஸிகியூட் நேரம் என்பது கிளையண்டுக்குள் வரிசையில் நின்றதையும் சேர்த்து. இரண்டுமே எகிறினால் சர்வர் அல்லது நெட்வொர்க். ஆர்டிடி குறைவாக இருந்து மற்றது மட்டும் எகிறினால் நெரிசல் கிளையண்டுக்குள்ளேயே இருக்கிறது. அப்போது சர்வரைக் குடைவது வீண்.

டர்ட்டி வரி ஏறவில்லை, ஆனாலும் உறைகிறது என்றால் டிஸ்க்குகளைத் தனித்தனியே பாருங்கள். நான் ஒருமுறை சுவிட்ச், எம்டியு (ஒரு நெட்வொர்க் பாக்கெட்டின் உச்ச அளவு), மவுண்ட் அமைப்பு என்று நான்கு நாள் அலைந்தேன். கடைசியில் 'ஐஓஸ்டாட்' காட்டியது: ஐந்து டிஸ்க்குகள் ஓய்வாக இருக்க, ஒன்று மட்டும் 100 சதவீதத்தில். படிக்க முடியாத ஓர் இடத்தை அது திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்க, ரெய்டு முழுவதும் அதற்காகக் காத்திருந்தது. அந்த டிஸ்க்கை மாற்றியதும் பிரச்சினை ஓய்ந்தது. மாதத் தொடக்கத்தில் மட்டும் உறைந்தால் இன்னொரு சந்தேகம்: டெபியனில் சாஃப்ட்வேர் ரெய்டுச் சோதனை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு தானாகவே ஓடும்.

ஜம்போ ஃப்ரேம் (9000 பைட் வரையிலான பெரிய நெட்வொர்க் பாக்கெட்) போட்டிருந்தால் அதையும் ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 8972 பைட் பிங் அனுப்புங்கள். போகவில்லை என்றால் நடுவில் எங்கோ 9000 எம்டியு இல்லை. ஆனால் அந்தக் கோளாறு பகலில் பெரிய ஃபைலை எழுதும்போதும் தெரியும். உங்களுக்கு அப்படி இல்லை.

இனி மருந்து. சதவீத வரம்பை விட்டுவிட்டு பைட் கணக்கில் வரம்பு வையுங்கள்: 'டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்' 268435456, 'டர்ட்டி பைட்ஸ்' 1073741824. அதாவது 256 எம்பி சேர்ந்ததும் டிஸ்க் எழுதத் தொடங்கும், 1 ஜிபிக்கு மேல் சேர விடாது. டிஸ்க்கின் வேகம் இதனால் அதிகரிக்காது. மூன்று நிமிட உறைவு அங்கங்கே சில நொடித் தயக்கமாக உடையும். மொத்த ரெண்டர் நேரம் பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்புறம் என்எஃப்எஸ் கான்ஃப் ஃபைலில் த்ரெட் எண்ணிக்கையை 64 ஆக்குங்கள். 512 எல்லாம் வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கின் முள் இன்னும் அதிகமாக அலையும், அவ்வளவுதான்.

சர்வர் எந்தக் கோப்புறையைப் பகிர்கிறது என்று சொல்லும் ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்ஸ்) அமைப்பில் 'அசிங்க்' போட்டால் பறக்கும் என்று யாராவது சொல்வார்கள். பறக்கும்தான். டிஸ்க்கில் இறங்காததை இறங்கிவிட்டது என்று சர்வர் பொய் சொல்லும். மின்சாரம் போனால் போனதுதான், கிளையண்டுக்குத் தெரியவே தெரியாது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வழி, ஒவ்வொரு ரெண்டர் கணினியிலும் சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ஃப்ரேமை அதில் எழுதி முடித்து, முழு ஃபைலாக ஒரே மூச்சில் சர்வருக்கு நகர்த்துவது. துண்டு எழுத்துகள் சர்வரை எட்டவே எட்டா.

மூன்றையும் ஒரே ராத்திரியில் மாற்ற வேண்டாம். முதலில் டர்ட்டி பைட்ஸ் மட்டும். மறுநாள் லாகில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு த்ரெட்டுக்குப் போங்கள்.