குரூப் 4, ஸ்போக்கன் இங்கிலீஷ், ஜிம்: எதை விடுவது?

தம்பி, கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் பாரிமுனைக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு, ஸ்போக்கன் இங்கிலீஷ், ஜிம் மூன்றையும் பிடித்திருக்கிறீர்கள், நேரம் போதவில்லை என்கிறீர்கள். போதாதுதான். தேர்வு முடியும்வரை இங்கிலீஷ் வகுப்பை நிறுத்திவிடுங்கள். கட்டிய பணம் போகிறதே என்று பார்த்தால் நேரமும் சேர்ந்து போகும். ஜிம்முக்குப் பதில் ஸ்டேஷனுக்கு நடந்து போங்கள், இப்போதைக்குப் போதும்.

படிப்பிலும் எல்லாப் பகுதியும் ஒன்றல்ல. 200 கேள்வியில் 100 தமிழ். அந்த 100 கேள்விக்கான 150 மதிப்பெண்ணில் 60 வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் காலையில் கிடைக்கும் முதல் ஒரு மணி நேரம் தமிழுக்கு. கணக்கு 25 கேள்விதான், ஆனால் தனிவட்டி, சதவீதம், விகிதம் எல்லாம் கை பழகினால் மதிப்பெண் நிச்சயம். அதற்கு உட்கார்ந்து எழுத மேஜை வேண்டும், ரயிலில் ஆகாது.

ரயிலில் இடம் கிடைத்தால் பள்ளிப் பாடப் புத்தகம். நின்றுகொண்டு வந்தால் முந்தின நாள் படித்ததை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். போனை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். ரீல்ஸில் இறங்கினால் கோட்டை ஸ்டேஷனில்தான் நிமிர்வீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போங்கள், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி உண்டு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் விசேஷங்கள்: மொய்க் கவரை அம்மாவிடம் கொடுத்து அனுப்புங்கள். சொந்தக்காரர்கள் பேசுவார்கள். பேசட்டும், தேர்வு முடிந்ததும் ஒருநாள் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம்.