‘பேசி முடித்துவிடலாம்’ என்கிறவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

ஜார்கண்ட் ஆட்கள் எஸ்டேட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் பெண்களுக்குப் பயம். அவர்களை அனுப்பிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?
– கூடலூர் வாசகர்

ஆகாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 100-க்கு 90-க்கு மேல் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஆள்தான் குற்றவாளி: சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுப்பவர். அப்புறம், ஜார்கண்டிலிருந்து வந்த பெண்களும் உங்கள் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறார்கள். பாஷை தெரியாத ஊரில் அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

கொழுந்து நிறுக்கும்போது சூப்பர்வைசர் கையைப் பிடிக்கிறார். கேட்டால் எடையைக் குறைத்துப் போடுகிறார். நாங்கள் 8 பேர்தான், பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் கமிட்டி கிடையாதாம்.
– கோத்தகிரி வாசகி

10 பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள். 3 மாதத்துக்குள் புகார் போக வேண்டும். எடை குறைத்த தேதிகளையும் சேர்த்து எழுதுங்கள். எப்போதும் சொல்வதுதான்: வாயால் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுங்கள், நகலில் சீல் வாங்குங்கள்.

குடித்துவிட்டு ஆட்டம் போடும் டூரிஸ்ட் பெண்களுக்கு ஏதாவது ஆனால் காட்டேஜ்காரர் என்ன செய்ய முடியும்?
– கொடைக்கானல்

கேள்வியே கோணல். குடித்துக் கிடப்பவரின் பர்ஸை ஒருவன் திருடினால் திருடனைத்தானே பிடிப்பீர்கள்? தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாத போதையில் இருக்கும் பெண்ணின் சம்மதம், சட்டப்படி சம்மதமே அல்ல. உடனே 112-க்குப் போன் செய்யுங்கள்.

எங்கள் லைன் வீடுகளில் 16 வயதுப் பெண்ணை ஒருவன் கெடுத்துவிட்டான். பெரியவர்கள் பேசி அவனுக்கே கட்டிவைக்கலாம் என்கிறார்கள். குடும்ப மானத்துக்கு அதுதானே நல்லது?
– பண்ணைக்காடு

அந்தப் பிள்ளையின் பெயர், அப்பா பெயர், லைன் எண் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். இன்னும் எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? எத்தனை முறை எழுதிவிட்டேன், பெயரைப் பரப்பாதீர்கள் என்று! வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். அது எனக்கும் பொருந்தும். உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவல் சொல்லிவிட்டேன்.

இந்தக் கூட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாசலில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பையனின் அப்பா ஐம்பதாயிரத்தில் தொடங்குவார். ‘சின்ன வயசு, தெரியாமல் பண்ணிட்டான்’ என்பார் ஒருவர். ‘பொண்ணும் சிரிச்சுப் பேசினவதானே’ என்பார் இன்னொருவர். அந்தப் பிள்ளை உள்ளே அத்தனை பேருக்கும் டீ போட்டுக்கொண்டிருப்பாள். அவளை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

மானம் போனது அவனுக்கு. அவளுக்கு ஏன் ஆயுள் தண்டனை? இந்தக் குற்றத்தில் சமரசத்துக்கு இடமில்லை, கல்யாணம் செய்துகொள்கிறேன் என்பது தண்டனையைக் குறைக்கக் காரணம் ஆகாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பி, பெரிய எதிர்ப்பு கிளம்பியதும் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. நீதிமன்றத்துக்கே இல்லாத அதிகாரம் உங்கள் பெரியவர்களுக்கு எங்கிருந்து வந்தது? 18 ஆகாத பெண்ணுக்குத் தாலி கட்டுவது தனிக் குற்றம். கட்டிவைத்தவர்களும் உள்ளே போவார்கள்.

விருப்பமில்லை என்றால் கத்தியிருக்க மாட்டாளா?
– குன்னூர்

பயத்தில் உடம்பு உறைந்துபோகும், குரல் எழும்பாது. 1972-ல் மகாராஷ்டிரத்தில் போலீஸ் நிலையத்துக்குள்ளேயே ஓர் ஆதிவாசிச் சிறுமிக்குக் கொடுமை நடந்தது. உடம்பில் காயம் இல்லை, அதனால் எதிர்க்கவில்லை என்று சொல்லி 1978-ல் உச்ச நீதிமன்றம் போலீஸ்காரர்களை விடுவித்தது. நாடே கொதித்தது, 1983-ல் சட்டம் மாறியது. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் ஆகிவிடாது என்று இன்றைய சட்டத்தில் எழுதியே இருக்கிறது. சட்டம் மாறி 40 ஆண்டுக்கு மேல் ஆகியும் நீங்கள் அதே கேள்வியில் நிற்கிறீர்கள்.

வன்கொடுமைக்கு ஆளான பெண்ணைக் கூட்டிப்போனால், போலீஸ் வந்தால்தான் பார்ப்போம் என்கிறது தனியார் ஆஸ்பத்திரி. சரியா?
– ஊட்டி வாசகி

தவறு. அரசோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை. போலீசுக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் வேலை. பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனை செய்ய வந்தால் மறுத்துவிடுங்கள், உச்ச நீதிமன்றம் தடுத்த சோதனை அது. முடிந்தால் குளிக்காமல் போகச் சொல்லுங்கள். துணியைத் துவைக்க வேண்டாம், காகிதப் பையில் வையுங்கள். இங்கத்து ஈரத்தில் பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுப்போகும்.