அந்த 'நாமே' யார்?

கேள்வி: நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் வீட்டில் ஒரு மீன் தொட்டி வைத்திருக்கிறோம். கோல்டு பிஷ் எட்டு, ஏஞ்சல் நான்கு, சக்கர் ஒன்று. மாதம் ஒருமுறை ஆள் வருகிறார். மீன்களைப் பக்கெட்டில் எடுத்துப் போட்டுவிட்டு, தொட்டியை முழுக்கக் காலி செய்து, கூழாங்கல்லிலிருந்து பில்டர் வரை எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பித் தருகிறார். எண்ணூறு ரூபாய். பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் அவர் போன மூன்று நாளுக்குள் ஒன்றிரண்டு மீன் செத்துவிடுகிறது. "வீட்டுக்கு வரவிருந்த கண்டம் மீனோடு போச்சு" என்கிறார் அம்மா. பிளஸ் ஒன் படிக்கும் மகன், "ஆளை நிறுத்துங்கப்பா, நாமே பாத்துக்கலாம்" என்கிறான். ஆள் வைத்துக்கொள்வதா, நாமே செய்வதா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், அம்பத்தூர்

பதில்: ஆளை நிறுத்துவதா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தக் கழுவலை நிறுத்துங்கள்.

எண்ணூறு ரூபாய் கொடுத்து நீங்கள் வெளியேற்றுவது அழுக்கை மட்டும் அல்ல. மீனின் கழிவிலிருந்தும் செவுள் வழியாகவும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே கட்டுக்குள் இருக்கும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது குறைவு. பில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைக்கச் சுமார் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் ஆள் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வருகிறார்? குடித்தனம் அமைகிற நேரம் பார்த்து மாதாமாதம் வீட்டைக் காலி செய்ய வைக்கிறார்.

அதனால் உங்கள் தொட்டி ஒவ்வொரு மாதமும் புதுத் தொட்டி. குழாயில் வருவது மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா என்று நீங்கள் எழுதவில்லை. மெட்ரோ தண்ணீர் என்றால் அதில் குளோரின் இருக்கும். அதை முறிக்கும் மருந்து விடாமல் நேரடியாக நிரப்பினால் அன்றைக்கே செவுளைப் பதம் பார்க்கும். போர் தண்ணீர் என்றால் குளோரின் இருக்காது, ஆனால் உப்பும் கடினத்தன்மையும் கூடுதலாக இருக்கலாம். ஒரே மூச்சில் முழுத் தண்ணீரையும் மாற்றும்போது மீனுக்கு அது ஊர் மாறிய அதிர்ச்சி. இதையெல்லாம் தாங்கிக்கொண்ட மீனுக்கு இரண்டாம் நாள், மூன்றாம் நாள் அம்மோனியா ஏறும். காரத்தன்மை கூடிய தண்ணீரிலும் வெயில் காலச் சூட்டிலும் அதன் விஷம் பல மடங்காகும். சாகும் முன் அந்த மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கும். பசிக்கிறது என்று நினைத்து யாராவது இன்னும் ஒரு பிடி தீனி போட்டிருப்பீர்கள்.

இதற்காக அந்த ஆளோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் ஸ்பாஞ்சைப் பழுப்பாகவே விட்டுவிட்டு, தண்ணீரில் கால்வாசியை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தால், "காசு வாங்கிக்கிட்டு என்னப்பா கழுவினே?" என்று கேட்டிருப்பீர்களா, இல்லையா? பளபளப்பைக் கேட்டு வாங்கியவர் நீங்கள்.

சரி, மகன் பக்கம் வருவோம். வேலை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் தொட்டி 9 கன அடி. விளிம்பு வரை நிரப்பினால் ஏறக்குறைய 255 லிட்டர். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 220 லிட்டர் தண்ணீர் நிற்கும். வாரத்துக்கு அதில் கால்பங்கு மாற்ற வேண்டும் என்றால் 55 லிட்டர், அதாவது 15 லிட்டர் பக்கெட்டில் நான்கு நடை. முந்தின நாள் ராத்திரியே தண்ணீரைப் பிடித்து ஒரு டிரம்மில் வைத்து, ஏர் பம்பின் குழாயை அதில் போட்டுவிட்டால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு இருக்கிறது. காலையில், தண்ணீரை இழுத்து வெளியே இறக்கும் சைபன் குழாயைக் கல்லுக்குள் குத்திக் குத்தி எடுத்தால் அடியில் படிந்த கழிவு தண்ணீரோடு வரும். அந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். அதே பக்கெட்டில்தான் பில்டர் ஸ்பாஞ்சைப் போட்டு நாலு பிழி பிழிய வேண்டும். டிகாஷன் மாதிரி இறங்கும். பிழிந்த பிறகும் ஸ்பாஞ்ச் பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். குழாயடிக்கு எடுத்துப் போகாதீர்கள். சோப்பு வேண்டவே வேண்டாம். ஸ்பாஞ்சை வாரம்தோறும் பிழியவும் தேவையில்லை, பில்டரிலிருந்து தண்ணீர் வரத்து குறையும்போது பிழிந்தால் போதும். பிழிந்து முடித்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், கறிவேப்பிலை தழைத்து வரும். மொத்தம் முக்கால் மணி நேர வேலை.

தண்ணீர் குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி வைப்பதைத் தண்ணீர் மாற்றுவதாகச் சிலர் நினைக்கிறார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிபடாத ஒரு சொல்லுக்கு வருகிறேன். 'நாமே'. யார் அந்த நாமே? மகன் சொல்கிறான், நீங்கள் எழுதுகிறீர்கள். வீட்டில் மனைவி இருந்தால் அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நம் வீடுகளில் 'நாமே' என்று ஆரம்பித்த வேலைகள் மூன்றாவது வாரத்தில் யார் தலையில் வந்து விழும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையன் பிளஸ் ஒன். ஜூன் மாதம் நான்கு பக்கெட் தூக்குவான். அரையாண்டுத் தேர்வு வந்தால்? அடுத்த வருடம் பிளஸ் டூ வந்தால்? மார்ச் மாதம் அந்த பக்கெட்டைத் தூக்கப்போவது யார் என்று இப்போதே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அது நீங்கள் என்றால் ஆளை நிறுத்திவிடலாம். பெயர் சொல்ல முடியவில்லை என்றால் எண்ணூறு ரூபாய் மலிவு.

ஆனால் ஆள் வந்தாலும் கைதான் வரும், கண் உங்களுடையதாக இருக்க வேண்டும். எங்கள் பழைய அலுவலகத்தின் வரவேற்பறையில் ஒரு தொட்டி இருந்தது. வருட ஒப்பந்தம். வாரம் தவறாமல் ஆள் வருவார், கண்ணாடி துடைப்பார், போவார். இரண்டு வருடம் ஒரு மீன்கூடச் சாகவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் வாட்ச்மேன்தான் சொன்னார்: "சார், அவரு வரும்போதே கவர்ல நாலு மீன் கொண்டாருவாரு. செத்ததை எடுத்துட்டு அதே கலர்ல போட்டுடுவாரு." ஒப்பந்தத்தில் 'மீன் இழப்பு ஈடு செய்யப்படும்' என்று ஒரு வரி இருந்தது, அதை அவர் நேர்மையாகத்தான் நிறைவேற்றியிருக்கிறார். தினமும் அந்தத் தொட்டியைத் தாண்டிப் போன இருபது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த இருபதில் நானும் ஒருவன்.

காலையில் தீனி போடும்போது தலைகளை எண்ணுங்கள். ஒரு மீன் ஒதுங்கி நிற்கிறதா, துடுப்பை மடக்கிக்கொண்டிருக்கிறதா, உடம்பில் ரவை தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி நோயை இரண்டாம் நாளே பார்த்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மாதத்துக்கு ஒருமுறை வருபவர் அதைப் பார்க்கும்போது தொட்டியில் பாதி காலியாகியிருக்கும். தீனி ஒரு வேளைக்கு இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும், அதையும் ஒரே ஒருவர் போடுங்கள். தாத்தா ஒருமுறை, பேத்தி ஒருமுறை, விருந்தாளி ஒருமுறை என்று போட்டால் எந்த பில்டரும் தாங்காது.

ஆளைத் தொடர்வதானால் அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்பாஞ்சை எந்தத் தண்ணீரில் கழுவுவீர்கள்? எவ்வளவு தண்ணீர் மாற்றுவீர்கள்? இந்த வலையும் சைபனும் போன வீட்டில் நனைந்தவையா? மூன்றாவது கேள்விக்கு அவர் முகம் மாறினால், வலை ஒன்றும் சைபன் ஒன்றும் நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு நோய் போவது அந்த வழியாகத்தான். மாதம் ஒரு பெரிய கழுவலுக்குப் பதில் பதினைந்து நாளுக்கு ஒரு சின்ன வேலையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். அதே பணத்துக்கே ஒப்புக்கொள்ளலாம், வேலை பாதிதானே. ஆறடித் தொட்டி, கடல் மீன் தொட்டி, முதுகுவலிக்காரர் வீடு, தொட்டியோடு வீடு மாறுவது – இதற்கெல்லாம் யோசிக்காமல் தெரிந்த ஆளைக் கூப்பிடலாம். உங்கள் தொட்டி அந்த ரகம் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோல்டு பிஷ் எட்டு என்பது நான்கு அடிக்கே நெருக்கடி. சாண் நீளத்துக்கு வளரக்கூடியது, அதற்கேற்ற கழிவும் போடும். குளிர்ந்த தண்ணீரை விரும்பும் அதையும் வெதுவெதுப்பை விரும்பும் ஏஞ்சலையும் ஒன்றாகப் போட்டுக் கொடுத்தவர் தொட்டி விற்றவராகத்தான் இருக்கும். கூடவே ஹீட்டரும் விற்றிருந்தால் மே மாதத்தில் அதைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். சக்கர் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித்தான் எல்லோரும் வாங்குகிறோம். அது கண்ணாடியிலுள்ள பாசியைக் கொஞ்சம் வழித்துவிட்டு, அதற்கு மேல் கழிவு போடும். ஒரு அடி தாண்டியும் வளரும். பெரிதாகிவிட்டதே என்று அம்பத்தூர் ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் ஏற்கெனவே நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. கொளத்தூரில் மீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன, உங்களுக்குப் பக்கம்தான். கேட்டுப் பாருங்கள், யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

அம்மாவிடம் கண்டத்தைப் பற்றி வாதாட வேண்டாம். அடுத்த மாதம் ஆள் வருவதற்கு முந்தின ராத்திரி நான்கு பக்கெட் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, மறுநாள் அவர் குழாய்ப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கழித்து எண்ணிப் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.