ஒருசந்தியும் கோபமும்

அன்புள்ள ஐயா,

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதிலிருந்து கறி, மீன் தொடவில்லை. டீயையும் விட்டுவிட்டேன். புதன், வெள்ளி இரண்டு நாளும் ஒருசந்தி, ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. ஆனால் முன்பைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது. மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். போன வெள்ளிக்கிழமை ஒரே கேள்வியை நாலாவது தடவை கேட்டபோது கத்திவிட்டேன். அழுதுவிட்டார். நான் செய்யும் ஒறுத்தல் எல்லாம் வீண்தானா?

ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரி,

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருச்சபை கட்டாயமாகக் கேட்கும் ஒருசந்தி வருடத்தில் 2 நாள்தான்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், அதாவது கறி சேர்க்காத சாப்பாடு, போதும். மீதியெல்லாம் நாமாக எடுத்துக்கொள்வது. படுக்கையில் இருக்கிறவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டுகிற உடம்புக்குச் சாப்பாடு வேண்டும். டீயைத் திடீரென்று நிறுத்தினால் சில நாள் தலைவலியும் எரிச்சலும் வரத்தான் செய்யும்.

ஆனால் நீங்கள் கேட்பது டீயைப் பற்றி மட்டும் இல்லை என்று தெரிகிறது.

என் அப்பா படுக்கையில் இருந்தபோது வந்த ஒரு தவக்காலத்தில், வெள்ளிக்கிழமை தவறாமல் பரங்கிமலையில் சிலுவைப்பாதை செய்வது, அதாவது இயேசு சிலுவை சுமந்த வழியை 14 நிலைகளில் நின்று செபிப்பது, என்று நேர்ந்துகொண்டேன். ஒரு வெள்ளி, நான் செருப்பை மாட்டும் நேரத்தில் அப்பா படுக்கையை நனைத்துவிட்டார். ஒரு வார்த்தை பேசாமல், வெடுக்வெடுக்கென்று துணியை மாற்றினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஓடிப்போய் மலையேறினேன்.

படிக்கட்டில் ஐந்தாம் நிலை வந்தது. இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீரேன் ஊர் சீமோன். எத்தனையோ முறை அந்த இடத்தில் முழந்தாளிட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது. வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த மனிதர் அவர். சிலுவை சுமக்க நேர்ந்துகொண்டு வரவில்லை. படைவீரர்கள் பிடித்துக் கட்டாயப்படுத்தி ஏற்றினார்கள். மனதுக்குள் என்ன திட்டினாரோ, நற்செய்தி சொல்லவில்லை. ஆனால் நற்செய்தி எழுதியவர்களில் ஒருவரான மாற்கு அவருடைய பிள்ளைகள் அலக்சாந்தர், ரூபு இருவரின் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார். வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்த பிள்ளைகளாக இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். வேண்டாவெறுப்பாகச் சுமந்தவரின் வீட்டுக்குள் ஏதோ ஒன்று நுழைந்துவிட்டது.

நான் தேர்ந்தெடுத்த சிலுவை மலைமேல் இருந்தது. என்மேல் ஏற்றப்பட்ட சிலுவையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். மேலே கோவில்வரை போகவில்லை. அங்கிருந்தே இறங்கி வீட்டுக்குப் போனேன்.

கறியை விட்டது உங்கள் விருப்பம். மாமியார் கேட்கும் நாலாவது கேள்வி நீங்கள் கேட்டு வாங்கியது இல்லை. விவிலியத்தில் எசாயா 58-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள். நோன்பு நாளிலேயே வேலையாட்களை ஒடுக்கி, சண்டை போடுகிறவர்களைப் பார்த்து, இதுவா நான் கேட்ட நோன்பு என்கிறார் ஆண்டவர். சொந்த இரத்தத்துக்கு முகத்தை மறைக்காதே என்பதும் அதில் வருகிறது.

வீணா என்று கேட்டீர்கள். இல்லை. உங்கள் கோபத்தில் கொஞ்சம் பசி, மீதி பல மாதமாகச் சேர்ந்த அலுப்பு. வயிறு நிறைந்திருந்தவரை அது உங்களுக்கே தெரியாமல் கிடந்தது. இப்போது தெரிந்துவிட்டதால், கணவரிடமோ நாத்தனாரிடமோ வாரத்தில் ஒரு நாள் மாலையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்கவும் தாழ்மை வேண்டும். எனக்கு அது வர ரொம்ப நாள் ஆனது.

மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. மறந்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். டீயை மறுபடி தொடங்குங்கள். சாயங்காலம் இரண்டு டம்ளர் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடியுங்கள். அதே கேள்வியைத்தான் கேட்பார். சொல்லுங்கள்.