நுகர்வோர் கேள்வி-பதில்: வாசகர் கருத்தை நம்பி இளவரசி நாவலை வாங்கலாமா?

கேள்வி: என்னுடைய மகள் தரம் 8 இல் தமிழ் மொழிமூலம் படிக்கிறாள். பிறந்தநாளுக்கு ஓர் ஆங்கில நாவல் வேண்டும் என்று இரண்டு மாதமாகக் கேட்கிறாள். சாபத்தால் உறங்கிப்போன நாட்டை எழுப்புவதற்காக, அரண்மனையை விட்டுத் தனியே காட்டுக்குள் புறப்படும் ஓர் இளவரசியின் கதையாம். விலை 3,600 ரூபாய். இணையத்தில் வாசகர்கள் எழுதியவற்றைத் தேடிப் பார்த்தேன். ஒருவர் இரவிரவாக வாசித்து முடித்ததாகச் சொல்லி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். இன்னொருவர், முதல் நூறு பக்கங்களில் ஒன்றுமே நடக்கவில்லை, இளவரசி விபரம் அறியாதவளாக இருக்கிறாள், முடிவு முன்பே தெரிந்துவிட்டது என்று எழுதி ஒரு நட்சத்திரத்தோடு நிறுத்திவிட்டார். சராசரி நாலு என்று காட்டுகிறது. எங்களுக்கு இது சிறிய தொகை இல்லை. யாருடைய சொல்லை நம்பி வாங்குவது? (ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

பதில்: இருவருமே உண்மையை எழுதியிருக்கக்கூடும். இவ்வகை நாவல்கள் 12 முதல் 18 வயது வரையானோருக்கென்று வெளியிடப்பட்டாலும், அவற்றை வாங்கி வாசித்துக் கருத்து எழுதுவோரில் வளர்ந்தவர்கள் மிகப் பலர். தேவதைக் கதைகளைத் திருப்பிச் சொல்லும் நாவல்களை ஏற்கெனவே இருபது, முப்பது வாசித்துவிட்ட ஒருவருக்குக் கதை எங்கே திரும்பும் என்பது பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். முல்லைத்தீவில் கோவலன் கூத்தைச் சிறுவயது முதல் பார்த்துவந்த பெரியவர், அண்ணாவியார் எந்த இடத்தில் பாட்டைச் சுருக்கினார் என்று உடனே சொல்லிவிடுவார். முதன்முறை வந்து பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கோ அது எல்லாமே புதிது. உங்கள் மகள் அந்தப் பிள்ளையின் இடத்தில் இருக்கிறாள். ஆகவே முடிவு முன்பே தெரிந்துவிட்டது என்ற குறையை நீங்கள் தயங்காமல் ஒதுக்கிவைக்கலாம். இளவரசி விபரம் அறியாதவள் என்ற குறையையும் நான் பெரிதாக எடுக்கமாட்டேன், ஏனென்றால் அரண்மனைக்கு வெளியே கால்வைத்திராத ஒருத்தி உலகத்தைக் கற்றுக்கொள்வதுதான் இவ்வகைக் கதையின் நடுநரம்பு. அவள் கடைசிப் பக்கத்திலும் அப்படியே இருந்தால் மட்டுமே அது குறையாகும். அதைச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

எஞ்சியிருப்பது முதல் நூறு பக்கங்கள் மெதுவாக நகர்கின்றன என்ற குறை. அது கவனிக்கவேண்டியது. இரண்டாம் மொழியில் வாசிக்கும் பிள்ளை அலுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவைப்பது பெரும்பாலும் அந்தத் தொடக்கப் பக்கங்களில்தான்.

நட்சத்திரங்களின் சராசரி உங்களுக்கு அதிகம் உதவாது. பத்துப் பேரும் நான்கு நட்சத்திரம் கொடுத்தால் சராசரி நான்கு. ஏழு பேர் ஐந்தும், இருவர் இரண்டும், ஒருவர் ஒன்றும் கொடுத்தாலும் சராசரி அதே நான்குதான். முதலாவது எல்லோருக்கும் ஓரளவு பிடித்த நூல். இரண்டாவது சிலருக்கு உயிராகவும் சிலருக்கு வெறுப்பாகவும் அமைந்த நூல். மேலும் ஒரே நட்சத்திரம் இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. வாசகர்கள் நூல்களைப் பற்றிக் கருத்து எழுதும் கூட்ரீட்ஸ் தளத்தில் இரண்டு நட்சத்திரம் என்றால் பரவாயில்லை என்றும், மூன்று என்றால் பிடித்திருந்தது என்றும் அந்தத் தளமே பொருள் சொல்கிறது. அமேசனிலோ மூன்று நட்சத்திரம் குறைகூறும் கருத்துகளின் பக்கத்தில் சேர்க்கப்படுகிறது. கூட்ரீட்ஸ் 2013 முதல் அமேசனுக்கே சொந்தமாக இருந்தும் இந்த வேறுபாடு நீடிக்கிறது. கூட்ரீட்ஸில் நூல் வெளியாகும் முன்பே ஆர்வத்தினாலோ கோபத்தினாலோ நட்சத்திரம் இட்டுவிடுவோரும் உண்டு.

ஆகவே ஐந்தையும் ஒன்றையும் விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் வாசியுங்கள். பிடித்ததையும் பிடிக்காததையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டிய நிலையில் இருப்பதால், அவர்கள் காரணம் எழுதுகிறார்கள். வெளியாகுமுன் பதிப்பகத்திடம் இலவசப் பிரதி பெற்றதாகச் சிலர் தொடக்கத்திலேயே குறிப்பிடுவார்கள். அது நேர்மையான அறிவிப்பு, அதற்காக அவர்களைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் பணம் கொடுத்து வாங்கவில்லை என்பதை நினைவில் வைத்திருங்கள். ஒரே நாளில், ஒரே விதமான புகழ்ச்சிச் சொற்களோடு, கதையில் வரும் ஒரு பெயரைக்கூடக் குறிப்பிடாமல் குவிந்திருக்கும் கருத்துகளை நம்பவேண்டாம். அமெரிக்காவில் 2024 ஒக்டோபர் முதல் போலிக் கருத்துகளை விற்பதும் வாங்குவதும் தடைசெய்யப்பட்டிருக்கின்றன. தடை செய்யும் அளவுக்கு அந்த வியாபாரம் வளர்ந்திருந்தது. இன்னொன்று: அமேசனில் அச்சுப் பதிப்பு, மின்னூல், ஒலிநூல் எல்லாவற்றுக்குமான கருத்துகள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். குரல் எரிச்சலூட்டுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தால் அது ஒலிநூலை வாசித்தவரின் குரலைப் பற்றியது, உங்களுக்கு அது தேவையற்றது.

எந்த வெளிநாட்டு வாசகரும் உங்களுக்குச் சொல்லாத செய்தி ஒன்று இருக்கிறது. நடை மிக எளிது என்று அவர்கள் எழுதுவது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் அளவுகோல். அரண்மனைக் கதைகளில் பழங்காலத்து உடைகள், கோட்டைக் கதவுகள், குதிரைச் சேணங்கள், சமையற்கட்டுப் பாத்திரங்கள் ஆகியவற்றின் பெயர்கள் நிறைய வரும். பாடநூல் ஆங்கிலத்தில் அவை வருவதில்லை. இணையக் கடைகளில் முதல் சில பக்கங்களை மாதிரியாக இலவசமாகத் திறந்து பார்க்கலாம். அவற்றை உங்கள் கைத்தொலைபேசியில் மகளிடம் கொடுத்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூல் இப்போதைக்குக் கடினம். அப்படியானால் 8 முதல் 12 வயதுக்கென்று வரும் இளவரசிக் கதை ஒன்றில் தொடங்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. விரல்கள் மடங்கியும் அவள் அடுத்த பக்கத்தைக் கேட்டால், என் கணக்கில் அவளுடைய ஆசை அந்த விதியை வென்றுவிட்டது; வாங்கிக் கொடுங்கள்.

உறங்கும் இளவரசியின் மூலக்கதையையும் அவளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அக்கதை 1697 இல் பிரான்சில் பெரோவாலும், 1812 இல் ஜேர்மனியில் கிரிம் சகோதரர்களாலும் அச்சுக்கு வந்தது. அங்கே இளவரசி உறங்குகிறாள், யாரோ வந்து எழுப்புகிறார்கள். இந்த நாவலில் உறங்குவது நாடு, எழுப்பப் புறப்படுவது அவள். மூலத்தை அறிந்தவருக்கே அந்தத் தலைகீழ் மாற்றம் சுவைக்கும்.

வாங்குவதற்கு முன் பிரதேச சபை நூலகத்தில் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். அங்கே இல்லாவிட்டால், அதே நாவலை விரும்பும் மகளின் தோழியர் இருவரின் பெற்றோரோடு சேர்ந்து ஒரு பிரதி வாங்கினால் ஆளுக்கு 1,200 ரூபாயோடு முடிந்துவிடும்.

கேள்வி: என் தங்கையின் மகளுக்கு அப்படியான நாவல் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுக்க நினைத்தேன். இளவரசியின் நகரம் எரிவதும், சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடுவதும் மிக விறுவிறுப்பாக எழுதப்பட்டுள்ளன என்று ஒரு வாசகர் பாராட்டியிருந்தார். அதை வாசித்ததும் என் கை நின்றுவிட்டது. கொடுக்கலாமா? (ஒரு பெரியம்மா, கிளிநொச்சி)

பதில்: உங்கள் கை ஏன் நின்றது என்பது வன்னியில் இருக்கும் எவருக்கும் விளங்கும். அந்த வாசகருக்கு அது கதை. 2009 இல் ஏ-9 வீதிக்குக் கிழக்கே ஊர் ஊராக நகர்ந்தவர்களுக்கு அது வேறு. ஆனால் பிள்ளை அதற்குப் பிறகு பிறந்தவள். அவளுக்கு அந்தக் காட்சி எப்படிப் படும் என்பதை நீங்களோ நானோ முன்கூட்டிச் சொல்லமுடியாது. அவளுடைய அம்மாவுக்கு எப்படிப் படும் என்பதையும் எண்ணிப்பாருங்கள். பிள்ளை ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்து கேள்வி கேட்கப்போவது அவரிடம்தான்.

நடைமுறையில் இதைச் செய்யலாம். கூட்ரீட்ஸில் ஒரு நூலைப் பற்றிய கருத்துகளுக்குள் சொற்களைத் தேடும் வசதி உண்டு. முற்றுகை, நெருப்பு, அகதிகள் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை இட்டுத் தேடினால், அத்தகைய காட்சி ஓர் அத்தியாயத்தோடு முடிகிறதா, நூல் முழுவதும் தொடர்கிறதா என்பது ஓரளவு தெரியவரும். காமன் சென்ஸ் மீடியா என்ற தளம் நூல்களில் வரும் வன்முறையைத் தனியாகக் குறித்து, எந்த வயதுக்கு உகந்தது என்றும் சொல்கிறது; பெற்றோர் சொல்வதும் பிள்ளைகள் சொல்வதும் அங்கே வெவ்வேறாக இருக்கும். கிரீடமும் முட்கொடியும் பொறித்த இதே போன்ற அட்டைகளுக்குள் வளர்ந்தோருக்கான காதல் நாவல்களும் விற்கப்படுகின்றன என்பதால், அந்த வயதுக் குறிப்பைப் பார்ப்பது இன்னொரு வகையிலும் அவசியமாகிறது.

அதன் பிறகு அந்தப் பக்கங்களை நீங்களும் தங்கையும் முதலில் வாசியுங்கள். மீளக்குடியமர்ந்த முதல் ஆண்டில் எங்கள் வீட்டில் பாடசாலை கொடுத்த பாடநூல்களைத் தவிர வேறு நூல் எதுவும் இருக்கவில்லை. கதை நூல் ஒன்று வீட்டுக்கு வருவதை நான் எளிதில் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆயினும் தங்கை வேண்டாம் என்றால், அந்தச் சொல்லே முடிவாக இருக்கட்டும். இளவரசியும் துணிச்சலும் உள்ள, ஆனால் எரியும் ஊர் இல்லாத நாவல்கள் நிறையக் கிடைக்கின்றன.

கேள்வி: முகநூலில் விற்பவர் ஒருவரிடம் 1,200 ரூபாய்க்கு இளவரசி நாவல் ஒன்றை வாங்கினேன். வாசகர் கருத்துகள் எல்லாம் அருமை என்று அவர் படம்பிடித்துப் போட்டிருந்தார். வந்தது போட்டோ கொப்பி போன்ற மங்கலான அச்சு; 32 பக்கங்களையும் காணவில்லை. கேட்டால், கருத்துகளைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்கிறார். (ஒரு வாசகர், மல்லாவி)

பதில்: அந்தக் கருத்துகள் கதையைப் பற்றியவை. உங்களுக்கு விற்கப்பட்ட அச்சுப் பிரதியைப் பற்றி எவரும் நற்சாட்சி கொடுக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தி விற்பது குற்றம். பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுப்பது விற்பவரின் கடமை. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் அந்த அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். விற்பவரின் விளம்பரம், உங்களிடையே நடந்த உரையாடல், பணம் செலுத்திய சான்று, பொதியின் மேலிருந்த முகவரித்தாள், காணாமற்போன பக்கங்களின் இடம் ஆகிய அனைத்தையும் இன்றே படமெடுத்து வையுங்கள். அவர் விளம்பரத்தை நீக்கிவிட்டால் பிறகு நிறுவுவது கடினம். அனுமதியின்றி ஒரு நூலை அச்சிட்டு விற்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கும் முரணானது.

இனி வாங்கும்போது, பின்னட்டையிலுள்ள பதின்மூன்று இலக்கச் சர்வதேசத் தர நூல் எண்ணையும் பதிப்புரிமைப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும்; அதை இணையத்தில் இட்டால் அந்தப் பதிப்புக்கு எத்தனை பக்கங்கள் என்று தெரிந்துவிடும். களவாக அச்சிடுபவர்கள் எண்ணையும் சேர்த்தே பிரதி எடுப்பதால், எண் இருப்பதை மட்டும் நம்பாமல் பக்கக் கணக்கையும் அச்சின் தெளிவையும் ஒப்பிடுங்கள். பொதியைத் திறந்து பார்த்த பிறகு பணம் கொடுக்க முடியுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் தரம் 10 மாணவி. நூலகத்தில் இரவல் எடுத்து ஓர் இளவரசி நாவலை வாசித்தேன். நானும் கருத்து எழுத விரும்புகிறேன். வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்படி எதை எழுதவேண்டும்? (வவுனியா)

பதில்: உங்கள் கேள்வி எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. உங்கள் வயதையும், ஆங்கிலம் உங்களுக்கு இரண்டாம் மொழி என்பதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். மேலே கடிதம் எழுதிய தாய் தேடிய வாசகர் நீங்கள்தான். எந்தப் பக்கம்வரை சிரமப்பட்டீர்கள், எந்தப் பக்கத்துக்குப் பிறகு நூலைக் கீழே வைக்க முடியவில்லை என்பதை இலக்கத்தோடு குறிப்பிடுங்கள். இளவரசி எடுத்த முடிவுகளில் எதனோடு உடன்பட்டீர்கள், எதனோடு உடன்படவில்லை என்று காரணத்தோடு சொல்லுங்கள். கதை இந்த நூலிலேயே நிறைவடைகிறதா, அடுத்த பாகத்தையும் வாங்கினால்தான் முடிவு தெரியுமா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் தொடரின் முதற்பாகம் என்பது அட்டையில் தெளிவாக இல்லாத நூல்களால் பலர் எதிர்பாராமல் இரண்டாவது செலவுக்குள் விழுகிறார்கள். சாபம் எப்படி நீங்குகிறது என்பதை மட்டும் எழுதவேண்டாம். தமிழிலும் ஒரு பிரதி எழுதி நூலகரிடம் கொடுங்கள். அதை நூலின் உள்ளட்டையில் ஒட்டிவைக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.